விட்டுப்போன த்

அப்பா இறந்த அன்று நான் அழுவதற்கு முன்னால் ஒரு பிழை திருத்தினேன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இது நன்றாக இருக்கப்போவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 மாசி. மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, ஐஸ் பெட்டி வந்துவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துகொண்டிருந்தன. காலை பத்து மணி இருக்கும், தெருப் பையன்கள் நாலு பேர் ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டு கேட்டுக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார்கள். மதுரையில் காதுகுத்துக்கே தெருவை மறைத்துப் பேனர் வைப்பார்கள், சாவுக்குக் கேட்கவா வேண்டும். அப்பாவின் படம் என் தம்பி மகன் காதுகுத்தில் எடுத்ததிலிருந்து வெட்டியது, தோளில் யாருடைய கையோ மிச்சம் இருந்தது. தோற்றம், மறைவு. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘எங்களை மீளா துயரில் ஆழ்த்திச் சென்ற’ என்று ஆரம்பித்து இன்னும் என்னென்னவோ. நான் படத்தைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், அப்புறம் கண் போய் அந்த ‘மீளா’வுக்கும் ‘துயரில்’ என்பதற்கும் நடுவே இருந்த இடைவெளியில் நின்றுகொண்டது. அங்கிருந்து நகரவே இல்லை.

முடிச்சுப் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, அதுல ஒரு த் விட்டுப்போச்சு. மீளாத் துயரில்னு வரணும்." அவன் என்னைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான். "எங்கக்கா?" விரலை நீட்டிக் காட்டினேன். பக்கத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தை அரை நொடி நிறுத்தி, என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூன்று மணிக்கு எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்து, மறுபடி ஏணி வைத்து ஏறி, கறுப்பு ஸ்டிக்கரில் வெட்டிய ஒரு த்-ஐ அந்த இடைவெளியில் ஒட்டினான். அளவு சரியில்லை. மற்ற எழுத்துகளைவிடப் பருமன், கொஞ்சம் சாய்வு, புள்ளி மட்டும் மேல் வரிக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நாலு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு அடித்த பேனர் என்பது காரியம் முடிந்த பிறகு தெரிந்தது. "அப்பாவுக்காகத்தான் சொன்னேன், அவர் பார்த்தா சும்மா விட்டிருப்பாரா" என்று தம்பியிடம் சொன்னேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன், கொஞ்ச நாள் கழித்துச் சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன், அச்சுக்கோக்கிற கம்பாசிட்டர் மகளாச்சே என்று. ஆனால் அப்பா சும்மா விட்டிருப்பாரா மாட்டாரா என்ற கேள்விக்கு எனக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை. அதுதான் என்னைப் படுத்துகிறது.

தலைகீழாகப் படிக்கிறவர்

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். 1963இல், பதினாலு வயதில், சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்தில் தரை கூட்டச் சேர்ந்தார். கீழே சிந்தும் எழுத்துகளைப் பொறுக்கி அந்தந்தக் குழியில் போடுவதுதான் முதல் இரண்டு வருடப் படிப்பு. அப்புறம் அந்தக் குழிகள் உள்ள மரத்தட்டு, கேஸ் என்பார்கள், அதன் முன்னால் நின்றவர் 2001இல் அச்சகத்தை மூடும் வரை அங்கேயேதான் நின்றார். இடது கையில் எழுத்தை வரியாகக் கோக்கும் ஸ்டிக், வலது கை குழிகளுக்குள் போய் வந்துகொண்டே இருக்கும், கண் மட்டும் கையெழுத்துப் பிரதியில். எந்த எழுத்து எங்கே கிடக்கிறது என்று பார்க்க மாட்டார். எழுத்தின் உடம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கட்டைவிரல் அதைத் தடவிப் பார்த்ததும் எந்தப் பக்கம் மேல் என்று தெரிந்துவிடும். புள்ளி வைத்த எழுத்து தனித் துண்டு, கொம்பு தனி, கால் தனி, கு கூ மு மூ எல்லாம் ஆளுக்கொரு குழி. ஈயமும் ஆண்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்த துண்டுகள். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கட்டைவிரல் ரேகைக்குள் சாம்பல் நிறம் போகாது. முதலாளி தினமும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார், ஈயத்தை முறிக்குமாம். முறித்ததோ இல்லையோ, அதில் பாதி எனக்கு வீட்டுக்கு வரும்.

ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாகத்தான் நிற்கும், அதையும் இடமிருந்து வலமாகவே படித்துப் பழகியதில் அப்பாவுக்கு நேர், தலைகீழ் இரண்டும் ஒன்றுதான். நான் ஆறாவது படிக்கும்போது தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பி, மேஜைக்கு அந்தப் பக்கம் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணப் பத்தி என்ன எழுதியிருக்கேன் தெரியுமா" என்று ஆரம்பித்தார். அப்பா கைகட்டி நின்றபடியே, "வகுப்பில் அதிகம் பேசுகிறாள்னு எழுதியிருக்கீங்க டீச்சர், வகுப்புக்கு ப் விட்டுப்போச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் நான் பட்ட பாடு தனிக்கதை.

இலக்கணம் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று படித்துவிட்டு, பெரிய புதையல் கிடைத்தது மாதிரி ஓடிவந்து ஒப்பித்தேன். "அதுக்குப் பேரு வேற வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். "ஓடாக் குதிரைன்னு சொல்லிப் பாரு பாப்பா. ஒத்து இல்லாட்டி நாக்கு தட்டும்." அவ்வளவுதான் அவருடைய நன்னூல்.

ஆனால் ஒன்று, ஈயத்தில் ஒரு த் நுழைப்பது ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை இல்லை. எழுத்து எவ்வளவு சின்னதானாலும் அதன் அகலத்துக்கு வரியில் இடம் இருக்க வேண்டும். கோத்துக் கட்டிவைத்த மேட்டரைத் தளர்த்தி, அந்த வரியைத் திரும்ப ஸ்டிக்குக்குள் தூக்கி, சொற்களுக்கு நடுவே இருக்கும் ஸ்பேஸைக் கழற்றி மெல்லியதாக மாற்ற வேண்டும். அதிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும், அங்கிருந்து அதற்கடுத்த வரிக்கு, பத்தி முடியும் வரை. தூக்கும்போது கை நழுவினால் மொத்தமும் கொட்டிவிடும். ஒரு ஒற்றுக்கு அரை மணி நேரம் போவது சாதாரணம். அந்த அரை மணிக்குக் கூலி கிடையாது. கட்சிக்காரர்கள் கொண்டுவரும் நோட்டீஸில், அவர்களே கேட்காத பிழைகளை, அப்பா இப்படி உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பார். மாலை ஏழு மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதரைக்கு வருவார். பூக் கட்டிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த அம்மா, தட்டை வைத்துக்கொண்டே சொல்வாள்: "ஊரு எழுத்தையெல்லாம் நேராக்குறாரு, வீட்டுக் கணக்க மட்டும் நேராக்க மாட்டாரு." அம்மா சொன்னதில் பிழை இல்லை. ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்தபோது கூப்பிட்டார்கள், போகவில்லை. கணினி கற்றுக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். நல்ல மனிதர் என்று இறந்தவர்களைச் சொல்வது எளிது, அவரோடு குடித்தனம் நடத்தியது அம்மாதான்.

இத்தனைக்கும் மாற்றமே பிடிக்காதவர் என்றும் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978 அக்டோபரில், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் போட ஆரம்பித்த எழுத்துகள்தான். துதிக்கை வைத்த பழைய லை, னை, ணை, ளை, சுழித்து எழுதும் ணா, றா, னா, அவற்றோடு சேர்ந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று பதிமூன்று எழுத்துகள் மாறின. கொல்லத்தில் முதல் தமிழ் நூல் அச்சேறியது 1578 அக்டோபரில், ஆக, மிகச் சரியாக நானூறு வருடம் கழித்து. இதை நான் பின்னால் படித்துவிட்டுச் சொன்னபோது அப்பா ரொம்பச் சந்தோஷப்பட்டார், ஏதோ தானே நாள் பார்த்துக் கொடுத்த மாதிரி. பழைய துண்டுகள் உருக்கப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை, "அத்தனை குழி மிச்சம்" என்பார். ஆனால் கையெழுத்தில் கடைசி வரை துதிக்கை லைதான். பள்ளியில் நான் புதுசு எழுதுவேன், வீட்டுக் கடைச் சீட்டில் அவர் ‘மல்லித் தழை’க்குப் பழைய ழையை... இல்லை, ழை மாறவே இல்லையே. ‘கருவேப்பிலை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, அவர் இருந்தால் இந்த வரியை இன்னேரம் பிடித்திருப்பார்.

பென்சிலில் எழுதிய நாலு வரி

1986, அரைப் பரீட்சை லீவு. மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் அச்சகத்திலேயே உட்கார்ந்திருப்பேன். டிரெடில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தத்தில் கதைப் புத்தகம் படிப்பது தனிச் சுகம். செல்லூரில் தறி நெய்கிற ஒரு பெரியவர் வந்தார். மனைவி இறந்து பத்து நாள் ஆகியிருந்தது, பதினாறாம் நாளுக்குக் கொடுக்க நூறு கார்டு வேண்டும் என்றார். வழக்கமான வாசகம் இருக்கிறது, பெயரும் தேதியும் மட்டும் மாற்றினால் போதும் என்று முதலாளி ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் நாலு வரி.

நீ இருந்த வரைக்கும்
எனக்கு பசி தெறியாது
இப்ப சாப்பிட்டாலும் பசிக்கிது
நீ வந்து ஒரு வாய் போடு

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, மூன்று பிழை என்று விரலில் எண்ணி வைத்துக்கொண்டேன். தமிழில் வகுப்பில் முதல் மார்க், வயது பதினாலு, சும்மா இருக்க முடியுமா. அப்பா தாளைக் கேஸின் மேல் சாய்த்து வைத்துக் கோக்க ஆரம்பித்தார். ‘எனக்கு’ முடிந்தது. அவர் கை வழக்கம்போல ப் இருக்கும் குழிக்குப் போனது, எழுத்தை எடுத்தும்விட்டது. அத்தனை வருடம் பார்த்ததில் அன்று ஒரு தடவைதான் அந்தக் கை நின்று பார்த்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் அந்த ப் இருந்தது. அப்புறம் அதைத் திரும்பக் குழியிலேயே போட்டார், ‘டிக்’ என்று ஈயம் ஈயத்தில் விழும் சத்தம் கேட்டது. ஒரு ஸ்பேஸை எடுத்துச் செருகிவிட்டு ‘பசி’க்குப் போனார். ‘தெறியாது’ என்ற இடத்தில் பெரிய ற-வே போட்டார்.

புரூஃப் எடுத்ததும் நான் பொறுக்க மாட்டாமல், "அப்பா, தெரியாதுக்குச் சின்ன ர" என்றேன். காது கேட்காதவர் மாதிரி இருந்தார். முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, நம்ம பேரு அடியில போவுது" என்று சத்தம் போட்டார். அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டாக வேண்டும் என்பது அப்போது இருந்த 1867ஆம் வருடத்துச் சட்டம், அதனால் பிழையும் அச்சகத்தின் பெயரோடேதான் ஊர் சுற்றும். "எழுதுனவரு பேரு மேல இருக்குல்ல முதலாளி" என்றார் அப்பா. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், இது எதுவும் அவருக்குத் தெரியாது. கார்டு அப்படியேதான் போனது.

சாயங்காலம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, யானைக்கல் பாலம் ஏறும்போது திரும்பவும் கேட்டேன். மேடு, அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளிக்கொண்டே, "அது நோட்டீஸ் இல்ல பாப்பா" என்றார். வேறு விளக்கம் எதுவும் வரவில்லை. எனக்கு அது பதிலாகவே படவில்லை. அப்பா தெரிந்தே விட்ட ஒரே பிழை என்று அதை நான் ரொம்ப வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏதோ அவர் கறுப்புப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

திரும்பி வந்த கடிதம்

அப்படிப்பட்டவர் எனக்கு என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1989இல் திருச்சியில் கல்லூரி, ஹாஸ்டல். முதல் மாதமே தாங்க முடியாமல் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். இங்கே பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி அழுகை அழுகையாக வருகிறது, வீட்டிற்க்கு வரவேண்டும். ஐந்தாம் நாள் கவர் வந்தது. பிரித்தால் உள்ளே என் கடிதமே இருந்தது. சிவப்பு மையில், புரூஃப் திருத்துவது மாதிரியே ஓரத்தில் குறி போட்டு, நாலைந்து இடத்தில் ஒற்றுச் சேர்த்து, ‘வீட்டிற்க்கு’ என்பதில் அந்த க்-ஐ அடித்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், அதே சிவப்பில், துதிக்கை வைத்த எழுத்துகளோடு, "சனிக்கிழமை காலை வருகிறேன். பையைக் கட்டி வை."

சொன்னபடி வந்தார். நாலு நாள் லீவு சொல்லி அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் துவரங்குறிச்சி வரை நான் வாயே திறக்கவில்லை. அவர் வந்துவிட்டார், லீவு கிடைத்துவிட்டது, ஆனாலும் என் மனசு முழுக்க அந்த அடித்த க்-இல்தான் இருந்தது. யாரோ ஒரு பெரியவர் பொண்டாட்டிக்கு எழுதியதைத் தொடாத கை, பெற்ற மகள் அழுது எழுதியதைக் கீறி அனுப்புகிறது. மேலூரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன், கோபம் வேறு கொய்யா வேறு. கேட்க மட்டும் இல்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், அப்போதும் கேட்கவில்லை.

இப்போது நானாக ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். பிழை கண்ணில் பட வேண்டும் என்றால் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும், சொல்லாகப் படித்தால் மனசே நிரப்பிக்கொண்டு போய்விடும். அப்படியானால் ‘அழுகை அழுகையாக வருகிறது’ என்பதையும் அப்பா அ, ழு, கை என்றுதான் படித்திருப்பார், எவ்வளவு நேரம் அந்த வரியில் இருந்திருப்பார் என்று தெரியவில்லை. மூன்று பக்கத்துக்கும் சேர்த்து அவர் எழுதிய பதில் ஒரு வரிதான், மீதி நேரம் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்திருக்கும். இது அவருக்கு நான் கட்டுகிற சப்பைக்கட்டாகவும் இருக்கலாம். தம்பியிடம் சொன்னேன், "ஒனக்காவது திருத்தி அனுப்புனாரு, எனக்கு லெட்டரே போட்டதில்ல" என்றான்.

போன ஆடியில் ஃபோனில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேனர் படம் வந்தது, யாரோ எடுத்து அனுப்பியது. விரலால் பெரிதாக்கி த்-ஐப் பார்த்தேன், வேறெதைப் பார்ப்பேன். கை நழுவிப் படம் கீழே இறங்கியது. அடியில், நாலு பையன்களின் வட்டப் படங்களுக்கு நடுவில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘எங்களுக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்த தாத்தாவுக்கு’. அன்று மூன்று மணி நேரம் அந்தப் பேனருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன், இந்த வரியைப் படிக்கவே இல்லை.

ஏணி வைத்து ஏறிய பையனைத் தேடிக்கொண்டு போனேன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பைக் கடையில் வேலை பார்க்கிறான். லீவ் லெட்டர் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டான். "ஆமாக்கா, எட்டாவதுலேர்ந்து பன்னண்டாவது வரைக்கும் எங்க நாலு பேருக்கும் தாத்தாதான். காய்ச்சல், வயித்துவலி, பாட்டி செத்துப்போச்சு, எல்லாத்துக்கும். திண்ணையில ஒக்காந்து எழுதிக் குடுப்பாரு." நல்ல தமிழாக இருந்திருக்குமே என்றேன். "எங்கக்கா, வேணும்னே ரெண்டு மூணு தப்பு விடுவாரு. நல்லா எழுதுனா வாத்தியாரு நம்ப மாட்டாருடா, ஒங்கப்பன் எழுதுன மாதிரி இருக்கணும்னு சொல்லுவாரு. எங்கப்பாவுக்கு ல-வுக்கு ள போடுவாரு, இவங்கப்பாவுக்கு ஒத்தே போட மாட்டாரு. ஆளுக்குத் தக்கன." கடைக்குள் நின்ற இன்னொருவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

பேனரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. "நீங்க சொன்னது கரெக்டுக்கா. அதுக்கப்புறம் எந்தப் பேனர் அடிச்சாலும் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. நம்பர் குடுங்க, அனுப்பிட்டு அடிக்கிறேன்." நம்பர் கொடுத்தேன். அந்தப் பழைய பேனர் இப்போது அவன் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடக்கிறதாம். வெயிலில் அப்பாவும் தேதியும் வெளுத்துப்போய்விட்டன, அந்த ஸ்டிக்கர் மட்டும் கறுப்பாக அப்படியே இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு டிசைன் வந்திருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு பாட்டி, நேற்று ராத்திரி. ‘மீளாத் துயரில்’ என்று சரியாகப் போட்டிருக்கிறான், த் அளவாக இருக்கிறது. அதற்கடுத்த வரியில் ‘அண்ணாரின் ஆன்மா சாந்தியடைய’. அன்னார்தான், ரெண்டு சுழி. ‘ஓகேவா அக்கா, அடிச்சிரவா’ என்று கேட்டிருக்கிறான். திறந்து பார்த்ததில் நீல டிக் வேறு விழுந்துவிட்டது.